எல்லாப் பேதியும் ஒரே பேதியா?

மருந்துக்கடையில் ‘வயிற்றால் போகிறது’ என்று சொன்னால் போதும். மேற்கொண்டு கேள்வி எழுவதில்லை. ஆஃப்லாக்சசினும் ஆர்னிடசோலும் ஒன்றாகச் சேர்ந்த மாத்திரை அட்டையிலிருந்து நான்கைக் கத்தரித்துக் கொடுத்துவிடுவார்கள். தண்ணீராகப் போகிறதா, சளியும் இரத்தமுமாகப் போகிறதா என்று கேட்டிருந்தால், பெரும்பாலானவர்களுக்கு அந்த மாத்திரையே தேவைப்பட்டிருக்காது. தேவைப்படுகிற சிலருக்கோ அது போதாது. பேதியைப் பற்றிய நம் பேச்சு, கணக்கு, சிகிச்சை மூன்றும் இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்தே நடக்கின்றன.

ஆண்டுக்கு ஓரிரு முறை பேதி தலைப்புச் செய்தியாகிறது. 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவி, பொது சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 2024 டிசம்பரில் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கால் பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், உயிரிழப்புகளும் நேர்ந்தன. குழாய்த் தண்ணீர்தான் காரணமா, வேறு உணவா என்ற வாதமே அப்போது பெரிதாக ஓடியது. எத்தனை பேர் அனுமதிக்கப்பட்டார்கள், எங்கே குழாய் உடைந்தது என்பவை செய்தியில் வந்துவிடும். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்பது மட்டும் வராது. வந்தாலும், ஊர் மறந்துபோன பிறகு வரும்.

குடலின் இரண்டு முனைகள்

பேதியில் இரண்டு வகை இருப்பதை நம் மொழி என்றைக்கோ பிரித்துவைத்திருக்கிறது. கழிச்சல் என்பது ஒன்று; சீதபேதி, இரத்தபேதி, வயிற்றுக்கடுப்பு என்று சொல்வது வேறு. மருத்துவமும் அதே கோட்டைத்தான் போடுகிறது. காலராவிலும் ரோட்டா வைரஸிலும் முக்கியமான பாதிப்பு சிறுகுடலில். காலராக் கிருமி குடல் சுவரைக் கிழிப்பதில்லை. அதன் நச்சு, குழாயைத் திறந்துவிட்டதுபோல் உப்பையும் நீரையும் வெளியேற்றுகிறது. அரிசி கழுவிய தண்ணீர்போலக் குடம் குடமாகப் போகும். ஆள் சாவது உடல் வற்றுவதால். வற்றியதை நிரப்பினால் பிழைத்துக்கொள்வார்.

சீதபேதியின் கதை பெருங்குடலில் நடக்கிறது. கிருமி குடல் சுவரின் செல்களுக்குள் நுழைகிறது, பெருகுகிறது, பக்கத்துச் செல்லுக்குத் தாவுகிறது. உடல் அதை எதிர்த்துப் போரிடுவதில் சுவர் வீங்கிப் புண்ணாகிறது. அதனால்தான் காய்ச்சல், அடிவயிற்றில் முறுக்கு, போய்விட்டு வந்த அடுத்த நிமிடமே மறுபடி முக்கல், கொஞ்சமாக வந்தாலும் அதில் சளியும் இரத்தமும். வெளியேறும் நீரின் அளவு காலராவோடு ஒப்பிட்டால் சொற்பம்; ஆனால், ஆபத்து அளவில் இல்லை. குழந்தைகளுக்கு இதில் வலிப்பு வரலாம், சர்க்கரை அளவு சரியலாம், கிருமி இரத்தத்தில் கலக்கலாம், சிறுநீரகம் செயலிழக்கலாம். பிழைத்த குழந்தையும் பல வாரங்களுக்குச் சரியாகச் சாப்பிடாமல் இளைத்துப்போகும்.

1971இல் வங்கதேச அகதிகள் குவிந்திருந்த பொங்காவ் முகாமில், சிரை வழி நீர் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மஹலானபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை (ஓஆர்எஸ்) டிரம்களில் வைத்துக் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீதம் அளவுக்கு இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. இந்திய மருத்துவம் உலகுக்குக் கொடுத்த பெரிய கொடைகளில் ஒன்று அது. ஆனால், அந்த வெற்றியின் நிழலில் ஒரு தவறான எண்ணமும் வளர்ந்தது: பேதி என்றால் ஓஆர்எஸ், அதோடு வேலை முடிந்தது என்று. நீர்க்கழிச்சலுக்கு அது கிட்டத்தட்ட உண்மை. சீதபேதிக்குப் பாதி உண்மை. இழந்த நீரை ஓஆர்எஸ் ஈடுகட்டும். குடல் சுவருக்குள் புகுந்த கிருமியை அது ஒன்றும் செய்யாது.

நூறு கிருமி போதும்

1897இல் ஜப்பானில் ‘செகிரி’ என்ற நோய் பரவியது. சிவந்த பேதி என்று பொருள். 90 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டு, ஐந்தில் ஒருவருக்கு மேல் இறந்தார்கள். கியோஷி ஷிகா என்ற இளம் ஆய்வாளர் அதற்குக் காரணமான பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார். அவர் பெயராலேயே அது ஷிகெல்லா ஆனது. 1984இல் மேற்கு வங்கத்தில் பெரும் உயிர்ச்சேதத்தை உண்டாக்கிய இரத்தபேதிக்கும் இதே இனம்தான் காரணம். இவ்வளவு பழைய கிருமியைப் பழங்கதை என்று ஒதுக்க முடியாதபடி அண்மைக்கால ஆய்வுகள் செய்துவிட்டன. கொல்கத்தா உட்பட ஆசிய, ஆப்பிரிக்க ஊர்களில் நடந்து 2013இல் வெளியான பெரிய குழந்தைப் பேதி ஆய்வில், ஷிகெல்லா முன்வரிசைக் காரணங்களில் ஒன்றாக இருந்தது. அதே மாதிரிகளை மரபணுச் சோதனையில் மறுபடி பார்த்தபோது, முன்பு நினைத்ததைவிட ஏறக்குறைய இரு மடங்கு ஷிகெல்லா தென்பட்டது. பழைய வளர்ப்புச் சோதனை அதைத் தவறவிட்டிருந்தது. நம் வேலூரையும் ஒரு களமாகக் கொண்ட மற்றோர் எட்டு நாட்டு ஆய்வும் ஷிகெல்லாவைக் குழந்தைப் பேதியின் முதன்மைக் காரணங்களில் வைத்தது. அதைவிடக் கவலைக்குரிய ஒன்றையும் அது சொன்னது: சில குடல் கிருமிகள் பேதியே வராத குழந்தையின் குடலிலும் தங்கி, அதன் உயர வளர்ச்சியைக் குறைக்கின்றன.

ஷிகெல்லாவின் வலிமை அதன் சிக்கனத்தில் இருக்கிறது. காலரா வர லட்சக்கணக்கில், கோடிக்கணக்கில் கிருமிகள் வயிற்றுக்குள் போக வேண்டும். வயிற்று அமிலம் பெரும்பகுதியைக் கொன்றுவிடும். ஷிகெல்லாவுக்குப் பத்திலிருந்து நூறு கிருமிகள் போதும். நகக்கண்ணில் ஒட்டிய துளி அழுக்கே அதற்கு அதிகம். எனவே, தண்ணீர்த் தொட்டியில் குளோரின் போட்டுவிட்டோம் என்று நிம்மதியடைய முடியாது. அது கையிலிருந்து கைக்குப் போகிறது. ஈயின் காலில் போகிறது. இஸ்ரேல் ராணுவ முகாம்களில் 1980களின் இறுதியில் ஈக்களைப் பொறி வைத்துப் பிடித்து ஒழித்தபோது, ஷிகெல்லா பேதி 85 சதவீதம் குறைந்தது. ஈயை நாம் கிட்டத்தட்ட வீட்டு உறுப்பினராகவே ஏற்றுக்கொண்டுவிட்டோம்; அது தட்டில் உட்கார்ந்தால் கையால் ஓட்டுவதோடு சரி.

பக்கத்துக் கேரளத்தைப் பார்த்தால் இது புரியும். 2020 டிசம்பரில் கோழிக்கோட்டில் ஒரு சிறுவன் இறந்ததும், அவனைச் சுற்றியிருந்தவர்களிடம் சோதனை நடந்து ஷிகெல்லா பரவல் என்று சில நாட்களில் கண்டறியப்பட்டது. 2022 மே மாதத்தில் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட பலர் நோயுற்று, ஒரு மாணவி உயிரிழந்தபோதும் ஷிகெல்லா என்ற பெயர் விரைவாகவே வெளியே வந்தது. அங்கேதான் அந்தக் கிருமி அதிகம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. தேடுகிற இடத்தில் கிடைக்கிறது.

மற்ற குற்றவாளிகள்

ஷிகெல்லா மட்டுமே காரணம் என்று எண்ணிவிடவும் கூடாது. கோழியின் குடலில் சாதுவாக வாழும் காம்பைலோபாக்டர், சரியாக வேகாத இறைச்சி வழியாகவும் மாசடைந்த நீர் வழியாகவும் மனிதரிடம் வந்து இரத்தபேதியை உண்டாக்கும். பேதி நின்று சில வாரங்கள் கழித்துச் சிலருக்குக் கால் கைகள் செயலிழக்கும்; குல்லன் பாரே என்று அதற்குப் பெயர். 2025 தொடக்கத்தில் புணேயில் இருநூறு பேர் அளவுக்கு இந்தப் பாதிப்பு சந்தேகிக்கப்பட்டபோது, சில நோயாளிகளின் மல மாதிரிகளில் இந்தக் கிருமிதான் இருந்தது.

2011இல் ஜெர்மனியில் முளைகட்டிய வெந்தயத்தின் வழியே ஒரு வகை ஈ.கோலை பரவி, நாலாயிரம் பேர் அளவுக்கு நோயுற்று, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதலில் ஸ்பெயின் நாட்டு வெள்ளரிக்காய்மீது பழி போட்டு, அங்குள்ள விவசாயிகளை நஷ்டத்தில் தள்ளிவிட்டுத்தான் வெந்தயத்துக்கு வந்து சேர்ந்தார்கள். முளைப்பதற்கான ஈரமும் இளஞ்சூடும் கிருமிக்கும் பிடித்தமானவை என்பதை, பச்சை முளைப்பயறை ஆரோக்கியத்தின் அடையாளமாக்கிவிட்ட நாமும் நினைவில் வைக்கலாம். இந்த வகை ஈ.கோலைப் பேதியில் ஆன்டிபயாடிக் கொடுப்பது சிறுநீரகச் சேதத்தைக் கூட்டக்கூடும் என்பதால், மருத்துவர்கள் தயங்கியே கொடுக்கிறார்கள். வேறு நோய்க்காக நீண்ட நாள் ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களின் குடலில் காவல் இல்லாத வீட்டில் புகுந்ததுபோல் பெருகும் குளோஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற கிருமி உண்டாக்குவதோ, மருந்தாலேயே வரும் குடல் அழற்சி.

அமீபாவைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் வயிற்றுக்கடுப்பு என்றாலே ‘அமீபியாசிஸ்’ என்று சொல்லும் பழக்கம் வேரூன்றிவிட்டது. உண்மையில் குடலைத் துளைக்கும் அமீபாவும், அதைப்போலவே தோற்றமளித்து எந்தத் தீங்கும் செய்யாத இன்னோர் அமீபாவும் இருக்கின்றன. இரண்டும் வெவ்வேறு இனங்கள் என்பது 1990களில் உறுதியாகிவிட்டது. சாதாரண நுண்ணோக்கியில் அவற்றின் முட்டை போன்ற கூடுகளை (சிஸ்ட்) பார்த்துப் பிரித்தறிய முடியாது. இரத்தச் சிவப்பணுக்களை விழுங்கிய அமீபா நகர்வதைப் பார்த்தால்தான் அது குற்றவாளி என்று ஓரளவு நம்பலாம். மலப் பரிசோதனைத் தாளில் ‘சிஸ்ட் உள்ளது’ என்று வந்ததுமே மாத்திரை விழுங்குபவர்களில் பலர் அப்பாவி அமீபாவோடுதான் சண்டை போடுகிறார்கள். அதே நேரம், உண்மையான அமீபா கல்லீரலில் சீழ்க்கட்டியை உண்டாக்கும். யாழ்ப்பாணத்தில் கள் குடிக்கும் ஆண்களிடையே இது அதிகமாக இருப்பதாக அங்கு நடந்த ஆய்வுகள் பதிவுசெய்துள்ளன. ஆக, அமீபா நோய் பொய்யில்லை. கண்ணை மூடிக்கொண்டு அதைக் குறிவைப்பதுதான் பிழை.

ஒரு மாத்திரை, இரண்டு தவறு

இப்போது அந்த இரட்டை மாத்திரைக்குத் திரும்புவோம். அதிலுள்ள ஆர்னிடசோல் அமீபாவைத் தாக்கும். ஷிகெல்லாவை ஒன்றும் செய்யாது. ஆஃப்லாக்சசின் பாக்டீரியாவுக்கானது, அமீபாவைத் தொடாது. வைரஸைப் பொறுத்தவரை இரண்டுமே வீண். இருட்டில் இரண்டு கல்லை எறிந்தால் ஏதாவது ஒன்று படும் என்ற கணக்கு இது. குழந்தைகளின் நீர்க்கழிச்சலில் பெரும்பங்கு ஆன்டிபயாடிக் தேவைப்படாதது. அங்கே எறியப்படும் ஒவ்வொரு கல்லும் குடலில் உள்ள பாக்டீரியாக்களுக்கு மருந்தைச் சமாளிக்கப் பயிற்சி கொடுக்கிறது.

பயிற்சி பெற்றவை இப்போது தேர்ந்துவிட்டன. இரத்தபேதி கண்ட குழந்தைக்கு சிப்ரோஃப்ளாக்சசினை முதல் மருந்தாக உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. அந்தக் குடும்பத்து மருந்துக்குக் கட்டுப்படாத ஷிகெல்லாவை 2024இல் அதே நிறுவனம் உயர் முன்னுரிமை ஆபத்துக் கிருமிகளின் பட்டியலுக்கு ஏற்றியது. இந்திய ஆய்வகங்களில் பிரித்தெடுக்கப்படும் ஷிகெல்லாவில் பெரும்பகுதி இப்போது அந்த மருந்துக்கு அசைவதில்லை. ஆஃப்லாக்சசினும் அதே குடும்பம்தான். அமெரிக்காவில், வழக்கமாகப் பரிந்துரைக்கப்படும் ஆன்டிபயாடிக்குகள் அனைத்துக்கும் கட்டுப்படாத ஷிகெல்லாவின் பங்கு 2015இல் சுழியமாக இருந்து 2022இல் 5 சதவீதமானது. அதற்கே அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் 2023இல் எச்சரிக்கை மணி அடித்தது. நீர்க்கழிச்சலுக்குத் தேவையில்லாமல் விழுங்கிய மாத்திரைக்கான விலையை, அடுத்த தெருவில் சீதபேதியில் கிடக்கும் குழந்தை கொடுக்கிறது.

மூன்றாவது தவறு ஒன்றும் உண்டு: ‘பேதியை நிறுத்தும் மாத்திரை’. லோபெரமைடு குடலின் அசைவை மந்தமாக்கும். காய்ச்சலும் இரத்தமும் இருக்கும்போது அதைக் கொடுத்தால், கிருமியையும் நச்சையும் உள்ளேயே அடைத்துவைப்பதாகிவிடும். சிறு குழந்தைகளுக்கு அதைத் தரவே கூடாது.

எழக்கூடிய கேள்விகள்

சோதனைக்கெல்லாம் எங்கே வசதி, கிராமத்து நோயாளி முடிவு வரும்வரை காத்திருப்பாரா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால், முதல் பிரிப்புக்கு ஆய்வகம் வேண்டியதில்லை. மலத்தைக் கண்ணால் பார்த்தாலே போதும். ஒரு தாயால் முடியும். கண்ணுக்குத் தெரியும் இரத்தமும் காய்ச்சலும் இருந்தால் முடிவுக்குக் காத்திராமல் மருத்துவர் மருந்து தொடங்கலாம். சோதனை அந்த ஒரு நோயாளிக்காக மட்டும் நடப்பதில்லை. அடுத்து வரும் நூறு பேருக்கு எந்த மருந்து வேலை செய்யும் என்று அறிவதற்காகவும் நடக்கிறது. பரவல் நேரத்தில் பத்துப் பதினைந்து மாதிரிகளே ஊருக்கு வழிகாட்டிவிடும்.

மருந்துக்கடையை இறுக்கினால் ஏழைக்கு மருந்தே கிடைக்காமல் போகும் என்பது கனமான மறுப்பு. மருத்துவர் இல்லாத ஊர்களில் கடைக்காரர்தான் முதல் மருத்துவர் என்பதை மறுக்க முடியாது. ஆனால், அவர் தர வேண்டியது ஓஆர்எஸ் பொட்டலமும் துத்தநாக மாத்திரையும். அவற்றுக்கு எந்தத் தடையும் இல்லை. இரத்தம் போகிறது என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பிவைப்பது மருந்தை மறுப்பதாகாது. சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்பதைத் தடுக்க 2024 தொடக்கத்தில் கேரளம் ‘ஆபரேஷன் அம்ரித்’ என்று திடீர்ச் சோதனைகளை நடத்தியது. தமிழ்நாட்டில் சட்டம் அதேதான்; நடைமுறைதான் வேறு.

சுத்தமான குடிநீர் தந்துவிட்டால் இந்தப் பேச்சுக்கே இடமில்லையே என்போரும் உண்டு. குடிநீரும் கழிவுநீரும் ஒரே பள்ளத்தில் அருகருகே ஓடும் வரை நகரங்களில் பேதி தீராது; அந்தப் போராட்டத்தில் சமரசமே கூடாது. ஆனால், நூறு கிருமிகளில் பரவும் நோயைக் குழாய் மட்டும் தடுத்துவிடாது. கராச்சியின் ஏழைக் குடியிருப்புகளில் சோப்பு கொடுத்து, கை கழுவும் பழக்கத்தை ஊக்குவித்தபோது குழந்தைகளின் பேதி பாதியாகக் குறைந்ததை 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த வீடுகளின் தண்ணீர் மாறவில்லை; கை மாறியது.

வீட்டு வைத்தியம் பற்றியும் சொல்லியாக வேண்டும். தயிரில் ஊறிய வெந்தயமும் மோரும் கஞ்சியும் ஓஆர்எஸ்ஸோடு சேர்ந்து போனால் யாருக்கும் நஷ்டமில்லை. பேதியின்போது பட்டினி போடுவதைவிட அவை ஆயிரம் மடங்கு மேல். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. குழந்தைக்குச் சளியும் இரத்தமுமாகப் போகும்போது ‘தொக்கம்’ எடுக்கவும் ‘குடல் தட்டவும்’ இரண்டு ஊர் அலைந்துவிட்டு மூன்றாம் நாள் மருத்துவமனைக்கு வருவது, சில நேரம் திரும்ப முடியாத தாமதம்.

செய்யக்கூடியவை

பெற்றோர் கவனிக்க வேண்டியவை சில. மலத்தில் இரத்தம், கூடவே காய்ச்சல், விடாத வயிற்று முறுக்கு, சிறுநீர் குறைதல், வலிப்பு, குழந்தை துவண்டு பால் குடிக்க மறுத்தல்: இவற்றில் எது இருந்தாலும் கடைக்குப் போகாமல் மருத்துவரிடம் போக வேண்டும். வழியெங்கும் ஓஆர்எஸ் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். பொட்டலத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் கலவை அளவுகள் அச்சாகியிருக்கின்றனவா என்று பார்த்து வாங்க வேண்டும். ஓஆர்எஸ் என்ற பெயரில் விற்கப்பட்ட இனிப்பு பானங்களுக்கு அந்தப் பெயரைப் பயன்படுத்த இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் தடை விதித்ததே, நாம் எவ்வளவு காலம் ஏமாந்தோம் என்பதற்குச் சாட்சி.

மருந்துக்கடைகளின் முகப்பில் ‘இரத்தம் போகிறதா? காய்ச்சல் இருக்கிறதா?’ என்ற இரண்டு வரி அறிவிப்பைக் கட்டாயமாக்கலாம். அங்கன்வாடிகளிலும் பள்ளிக் கழிப்பறைகளிலும் தண்ணீர் இருக்கிறதா என்று ஆய்வு செய்யும் அதிகாரிகள், சோப்பு இருக்கிறதா என்பதையும் அதே படிவத்தில் எழுதலாம். உணவகச் சமையலாளரோ பரிமாறுபவரோ பேதியில் படுத்தால், குணமான பிறகும் சில வாரங்கள் ஷிகெல்லா அவர் உடலிலிருந்து வெளியேறிக்கொண்டிருக்கலாம். தினக்கூலிக்காரர் அதை முதலாளியிடம் சொல்ல மாட்டார். சொன்னால் அன்றைய சோறு போய்விடும். சம்பளத்துடன் கூடிய விடுப்பை உணவக உரிமத்தின் நிபந்தனையாக்காமல், கையுறையும் தலையுறையும் மாட்டச் சொல்லி அபராதம் போட்டுக்கொண்டிருப்பதில் பொருளில்லை.

அரசு செய்ய வேண்டியது இன்னும் எளிது. ஷிகெல்லா மலத்தில் சீக்கிரம் செத்துவிடும் கிருமி. காலையில் எடுத்த மாதிரி மாலையில் ஆய்வகத்துக்குப் போனால் ஒன்றும் முளைக்காது. நோயாளி முதல் மாத்திரையை விழுங்கியிருந்தாலும் வாய்ப்பு குறையும். எனவே, மாதிரியைப் பாதுகாக்கும் கேரி-பிளேர் ஊடகக் குழாய்களை ஒவ்வொரு வட்டார சுகாதார நிலையத்திலும் வைத்து, மருந்துக்கு முன் மாதிரி எடுக்கும் பழக்கத்தைக் கொண்டுவர வேண்டும். இந்தியாவில் முதன்முதலாக 1939இலேயே பொது சுகாதாரச் சட்டம் கண்ட மாநிலத்துக்கு இது பெரிய காரியம் இல்லை. மருத்துவக் கல்லூரி ஆய்வகங்களில் பிரித்தெடுத்த கிருமிகள் எந்தெந்த மருந்துக்குக் கட்டுப்படுகின்றன என்ற பட்டியலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாவட்ட வாரியாக வெளியிட்டால், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் ஊகத்தில் மருந்தெழுத வேண்டியிருக்காது.

ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தின் படிவத்தில் கடும் வயிற்றுப்போக்குக்கு ஒரு வரியும் சீதபேதிக்கு ஒரு வரியும் தனித்தனியே ஏற்கெனவே இருக்கின்றன. அடுத்த முறை ஓர் ஊரில் பேதி பரவும்போது, அன்றாடம் செய்தியாளர்களுக்குத் தரும் அறிக்கையில் அனுமதிக்கப்பட்டோர் எண்ணிக்கையோடு இரண்டு எண்களைச் சேர்த்தால் போதும்: அவர்களில் எத்தனை பேருக்கு இரத்தம் போனது, எத்தனை பேரிடம் மருந்து கொடுப்பதற்கு முன் மாதிரி எடுக்கப்பட்டது.